கட்டி வைத்த குழந்தை

1

நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டதாம். எனக்கு நினைவில்லை, அலுவலகத்தில் நினைவு வைத்திருந்தார்கள். கேக் வாங்கி வந்து என் கையில் கத்தியைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். மேலதிகாரி அம்மையார் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசினார். வந்த புதிதில் நான் வாயே திறக்க மாட்டேனாம். இப்போதெல்லாம் கூட்டங்களில் என் வாயை மூடுவதுதான் பெரும்பாடாக இருக்கிறதாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். இங்கே ஒருவரைக் குத்த வேண்டுமானால் முதலில் தட்டில் கேக் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் இந்த நாகரிகம் கிடையாது. வெறும் வயிற்றிலேயே குத்திவிடுவோம்.

அந்தக் குத்து எதற்கு என்று ஆரணியில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் மீனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் என் வேலையைப் பற்றி. "லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்று என் பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. லண்டனும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. இது இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிற ஒரு மழை ஊர். எழுபதுகளில் ஆரணியில் சுகாதார நர்ஸாக சைக்கிளில் வீடு வீடாகப் போனேனே, அதே வேலைதான் இங்கேயும், காரில். வித்தியாசம் என்னவென்றால் நான் பார்க்கிற பிள்ளைகள் தங்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். பெற்றவர்கள் சரியாக வளர்க்கவில்லை என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய், சம்பளம் கொடுத்து வேறு குடும்பங்களில் வளர்க்கிற பிள்ளைகள். அவர்களுக்கு எடை, உயரம், காது, கண், தடுப்பூசி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. மனசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேறு ஒரு துறை உண்டு. அவர்கள் எப்போதும் விடுமுறையில் இருப்பார்கள்.

2

மீனாவை முதலில் பார்த்தது ஜோன் என்கிற வளர்ப்புத் தாயின் வீட்டில். தவழ்கிற வயசுக் குழந்தை. தவழவில்லை. ஒரு மெத்தை மேல் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடை குறைந்திருந்தது. ஜோன் நல்ல பெண்மணி. தன் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு ஊரார் பிள்ளைகளையும் வளர்க்கிறவள். "மசித்த உருளைக்கிழங்கு கொடுத்தால் துப்புகிறாள். இவளுக்கு உப்பு, உறைப்பு எதுவும் பழக்கமில்லை போலிருக்கிறது, அதனால் எதுவும் சேர்க்காமல் கொடுக்கிறேன்" என்றாள். குழந்தையின் பக்கம் குனிந்து "மீனா, இங்க பாரு" என்றேன். சட்டென்று திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி வாத்தைப் பார்த்தாள். அன்று காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன்.

நடந்தது இதுதான். மீனாவின் அம்மா வசந்தா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து மழைக்கோட்டுகளுக்கு ஜிப் தைப்பவள். அவள் பிறந்தது ஆரணிப் பக்கத்து நெசவு ஊரான முள்ளிப்பட்டு. அங்கே முதலாளி நெய்வதற்குப் பாவு நூல் கொடுப்பார், இங்கே வேன்காரர் மூட்டையைக் கொடுப்பார். இரண்டு பேரும் நாலு குறை சொல்லிவிட்டுத்தான் கூலி தருவார்கள். புருஷன் வேறு ஊரில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன், வாரத்துக்கு ஒருநாள் வருவான். வீடு மாடியில். அறைக் கதவைத் திறந்தால் செங்குத்தாகப் படி இறங்கும், மேலே தடுப்பு எதுவும் கிடையாது. ஒருநாள் கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர் மேலே ஏறி வந்து பார்த்திருக்கிறார். அம்மா மிஷினில். குழந்தையின் இடுப்பில் துணிக்கயிறு. கயிற்றின் மறுமுனை கட்டில் காலில். அவர் மீட்டரைப் பார்த்தாரோ இல்லையோ, போன் செய்துவிட்டார். அன்று சாயங்காலமே ஒரு காரும் ஒரு போலீஸ்காரப் பெண்ணும் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கட்டியது மட்டும் குற்றம் இல்லை. இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இருந்தது. "முன்பும் நீண்ட காலம் கட்டப்பட்டதற்கான கயிறு உடலிலேயே விடப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டார்கள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருந்தது. "கன்னத்தில் வட்டமான கருமை நிறக் காயம்" என்று அதையும் எழுதினார்கள். ஜோன் வீட்டில் முதல் தடவை குளிப்பாட்டியதும் அந்தக் காயம் மறைந்துபோனது. அரசாங்கத்தின் பராமரிப்பில் காயங்கள் எவ்வளவு சீக்கிரம் ஆறுகின்றன என்று யாரோ அகமகிழ்ந்திருப்பார்கள். அரைஞாணை ஜோன் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிட்டாள்.

வசந்தாவிடம் விசாரிக்க ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்தார்கள். பெரியவர், நல்ல மனிதர், பேசியது உருது. இந்தியா என்றால் இந்தியாதானே, அதற்குள் எத்தனை பாஷை இருந்துவிடப் போகிறது? ஆரணிக்காரிக்குத் தெரிந்த உருது ஜல்தி, பேஜார், இன்னும் நாலைந்து வார்த்தை. பாவம், அவர் கேட்டதற்கெல்லாம் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறாள். தாய் ஒத்துழைத்தார் என்று எழுதிக்கொண்டார்கள்.

3

நான் வசந்தாவைப் பார்க்கப் போனேன். போக வேண்டிய அவசியம் என் வேலையில் இல்லை. என் பொறுப்பு குழந்தையின் எடை, குழந்தையின் அம்மா இல்லை. ஆனாலும் போனேன். கதவைத் திறந்தவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்க ஆரணி நர்சம்மா தானே? முள்ளிப்பட்டுல எங்க வூட்டாண்ட ஊசி போட வருவீங்களே. உங்க சைக்கிள் மணி கேட்டாலே நாங்கல்லாம் ஓடி ஒளிஞ்சிக்குவோம்."

இதை எதேச்சை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் அலுவலகத்திலும் நம்பவில்லை. எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஒளிந்துகொண்ட பிள்ளைகளில் யாரை நினைவு வைத்துக்கொள்வது?

உட்காரச் சொன்னாள். நாற்காலியில் கிடந்த ஜிப் மூட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

"இன்னாங்கக்கா பண்றது? படிய பாத்தீங்க இல்ல. உருண்டா கொயந்த மிஞ்சாது. மிஷின்ல உக்காந்துகினு இருந்தா எனக்குப் பின்னாடி கண்ணா கீது? அதான் பழைய புடவையக் கிழிச்சி கட்டினேன். படிக்கு ஒரு மொழம் இப்பாலயே நிக்கிற மாதிரி அளந்து கட்டினேன். அது தப்பாங்கக்கா?"

தப்பு இல்லை என்று சொன்னேன். அரசு ஊழியர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

முள்ளிப்பட்டை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நான் தேசூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் நிலமும் இல்லை, தறியும் இல்லை. அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெசவு வீடு எனக்கும் புதுசுதான். தறிக்குக் கீழே, நெய்கிறவர் காலை விட்டு மிதிக்க ஒரு குழி இருக்கும். வீட்டின் நடுவில், தரையோடு தரையாக, வாயைத் திறந்துகொண்டு இருக்கும். அம்மா நெய்வாள், அப்பா நெய்வார், இருட்டும் வரைக்கும் யாருக்கும் கை ஒழியாது. தவழ ஆரம்பித்த பிள்ளை நேராகப் போகிற இடம் அந்தக் குழி. அதனால் தவழ்கிற பருவத்தில் இடுப்பில் பழைய புடவையைச் சுற்றித் தூணில் கட்டிவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பச்சையம்மா என்கிற அந்த வீட்டுக்காரம்மா தறியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"கட்டலன்னா எட்டிப் பாக்குங்கம்மா. அப்பால நீங்கதான் வந்து கட்டுப் போடணும். ரெண்டுல எந்தக் கட்டு வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அந்தத் தெருவில் குழந்தையைக் கட்டாமல் விட்ட ஒரு பெண்ணை நாலு வீட்டுக்காரிகள் சேர்ந்து திட்டியதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். "பெத்தியா, பொறுக்கினியா" என்று கேட்டார்கள். கட்டாமல் விடுவதுதான் அங்கே கவனக்குறைவு. பிள்ளை நடக்கப் பழகியதும் அவிழ்த்துவிடுவார்கள். நடக்கிற பிள்ளைக்குக் குழி எது, தரை எது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு அந்தத் துணி அடுப்புத் துடைக்கப் போய்விடும். இதற்கு யாரும் கூட்டம் போட்டதில்லை.

4

ஊர் நினைப்பில் நான் கரைந்துபோகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் லட்சணமும் எனக்குத் தெரியும். ஆரணிக்கு வெளியே ஒரு பிள்ளைகள் இல்லம் இருந்தது, பெயர் வேண்டாம். நடத்தியவர்கள் இப்போது பெரிய மனிதர்கள். மாதம் ஒருமுறை நான் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே துண்டு, ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே சொறி. நான் மருந்து தடவச் சொல்லிவிட்டு வருவேன். அடுத்த மாதம் போனால் மருந்து பீரோவில் பத்திரமாக இருக்கும், சொறி பிள்ளைகளிடம் பத்திரமாக இருக்கும். மேலதிகாரி ஆய்வுக்கு வருகிற அன்று மட்டும் புதுத் தட்டு வரும், புதுச் சட்டை வரும், பிள்ளைகள் வரிசையில் நின்று வணக்கம் பாடும். அவர் ஜீப் திரும்பியதும் தட்டு மறுபடி பெட்டிக்குள் போய்விடும்.

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அனாதைகளே இல்லை. புருஷன் செத்துப்போன பெண்கள் சோற்றுக்கு வழியில்லாமல் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். அம்மாக்காரி எப்போதாவது நாலு காசு சேர்த்துக்கொண்டு வந்து, "என் பிள்ளையக் குடுங்கய்யா" என்று கேட்டால் மேலாளர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கொடுத்தனுப்பிவிடுவார். ஒரு வயிறு குறைந்தது என்ற சந்தோஷம் அவருக்கு. யாருக்குக் கொடுக்கிறோம், எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

இங்கே எல்லாம் கேட்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் துண்டு, தனிப் பல்தேய்க்கும் பிரஷ், தனிக் கட்டில், தனி ஃபைல். ஃபைல் குழந்தையை விட வேகமாக எடை கூடும். மனசாரச் சொல்கிறேன், அடிபட்டு, சூடு வைக்கப்பட்டு, பட்டினி கிடந்து வந்த பிள்ளைகள் இந்த வீடுகளில் பிழைத்து எழுந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்த வேலையை இன்னும் விடாமல் இருக்கிறேன். ஆனால் அடிபட்ட பிள்ளைக்கும் கட்டில் காலில் கட்டிய பிள்ளைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு பேர், அவ்வளவு மாதம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

என் வீட்டிலும் இந்தச் சட்டத்தின் வாசனை வந்துவிட்டது. ஒருநாள் என் மகள் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு டிவி பார்க்கப் போனாள். கையை ஓங்கினேன். அவள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: "அடித்தால் உன் ஆபீஸுக்கே போன் பண்ணுவேன், நம்பர் மனப்பாடம்." தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், ஆங்கிலத்தில் மிரட்டினால் நான் எந்த பாஷையில் பயப்படுவது? தட்டை நானே கழுவினேன்.

5

வசந்தா வாரம் ஒருமுறை மீனாவைப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அலுவலகத்தில் ஒரு அறை, தரையில் பொம்மைகள், மூலையில் நாற்காலி போட்டு லிண்டா. லிண்டா இந்தக் கேஸைக் கவனிக்கிற சோஷியல் ஒர்க்கர். சின்ன வயசு, கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவள். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு அம்மா எப்படிக் கொஞ்சுகிறாள் என்று எழுதிக்கொண்டிருப்பாள். வசந்தா பருப்புச் சாதம் பிசைந்து டப்பாவில் கொண்டு வந்தாள். இப்போதுதான் குழந்தையை இந்த ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழக்கியிருக்கிறோம், குழப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டப்பாவைத் திறக்காமலேயே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் சில வாரம் மீனா போகும்போது அழுதாள். பிறகு வரும்போது அழ ஆரம்பித்தாள். ஜோனின் கார் கண்ணுக்குத் தெரிந்ததும் கையை நீட்டிச் சிரித்தாள். ஜோன் அவளை "மினி" என்று கூப்பிட்டாள், அதற்குத்தான் திரும்பினாள். அப்படி ஒருநாள் வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றபோது வசந்தா என்னிடம் சொன்னாள்.

"குடுத்துடுவாங்கன்னு நீங்க சொல்றீங்க. குடுப்பாங்கக்கா. ஆனா என்னைக் கண்டா அதுக்குத் தெரியணுமே. அதுக்குள்ளாற குடுக்கணுமே."

அதுதான் விஷயம். குழந்தை வருமா என்பது ஒன்று. வருகிற குழந்தைக்கு அம்மாவைத் தெரியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டாவது யாருடைய வேலையிலும் வரவில்லை.

கூட்டத்துக்கு நான் ஒரு பையோடு போனேன். இங்கே கடைகளில் ஒன்று விற்கும். உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். நடக்கிற குழந்தையின் நெஞ்சைச் சுற்றித் தோல் வார் போட்டு மாட்டுவார்கள். முன்னால் ஆட்டுக்குட்டிப் படம், சிலதில் குட்டி மணியும் இருக்கும். பின்னால் நீளமான வாரை அம்மா கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடத்திப் போவாள். நான் வந்த புதிதில் அதைப் பார்த்து, நாய்க்குத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். நாய்க்கு வேறு கடை. இன்னொன்றும் உண்டு. நாலு பக்கமும் கம்பி வைத்த கூண்டு. அதற்குள் குழந்தையை விட்டுவிட்டு அம்மா துணி துவைப்பாள்.

வாரை எடுத்து மேஜை மேல் வைத்தேன். தறிக்குழியைப் பற்றிச் சொன்னேன், படியைப் பற்றிச் சொன்னேன். அரைஞாண் என்றால் என்ன, எங்கள் ஊரில் அது இல்லாத குழந்தைதான் கவனிப்பாரற்ற குழந்தை என்று சொன்னேன். "இதே வேலையைத்தான் அவள் புடவையில் செய்தாள். தோல் என்றால் அன்பு, புடவை என்றால் கொடுமையா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

கூட்டத்தின் தலைவர் வாரைக் கையில் எடுத்து மணியை ஆட்டிப் பார்த்தார். தன் பையனுக்கும் இதே மாதிரி வைத்திருந்ததாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு, "இது பாதுகாப்புச் சாதனம், கடையில் விற்கிறது" என்றார். அதோடு அது தீர்ந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த டாக்டர், என் பேச்சு மிகவும் சுவாரசியமான கலாசாரக் கண்ணோட்டம் என்றார். நம் ஆட்கள் "ஆகட்டும் பார்க்கலாம்" என்று சொல்லும்போது என்ன அர்த்தமோ அதுதான் இதற்கும். கடைசியில் தலைவர் மிகுந்த பிரியத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அந்தத் தாயும் ஒரே ஊர்தானே?"

"ஆமாம்."

"அப்படியானால் உங்களுக்கு இதில் நடுநிலையாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குப் புரிகிறது."

அந்த மேஜையைச் சுற்றி இருந்த மற்ற எல்லோரும் ஒரே ஊர். அவர்களுடைய நடுநிலை பற்றி யாருக்கும் கவலை இல்லை. மீனாவின் பரிசோதனையை வேறொரு நர்ஸிடம் மாற்றினார்கள். குழந்தையை இன்னும் சில காலம் கவனித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தீர்மானித்தார்கள். மேலதிகாரி அம்மையார் வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்து, "நீ மிகவும் உணர்ச்சிவசப்படுகிறாய்" என்றார். ஆமாம், உணர்ச்சிவசப்பட்டேன். அந்த அறையில் யாராவது ஒருவராவது படட்டும் என்று பட்டேன்.

6

மீனாவைக் கொடுக்க வைத்தது என் பேச்சு என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கொடுக்க வைத்தது ஸ்பெயின் தேசத்துக் கடற்கரை. கோடை விடுமுறைக்கு ஜோன் குடும்பம் அங்கே போக ஏற்கெனவே பணம் கட்டியிருந்தது. மீனாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. வேறு வளர்ப்புக் குடும்பம் தேடினார்கள், அவர்களும் விடுமுறையில். பல மாதங்களாகத் தீராத யோசனை ஒரே காலையில் தீர்ந்தது. தாயிடம் போதுமான முன்னேற்றம் தெரிகிறது, குழந்தையைத் திருப்பி அனுப்பலாம் என்று முடிவாயிற்று. அந்தத் தாய் முன்னேறுவதற்கு அதற்கு முந்தைய ஒரு மாதம் வாய்ப்பே கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். லிண்டா லீவில் போனாள், சந்திப்பு அறைக்கு வெள்ளையடித்தார்கள், ஆகவே அந்த மாதம் முழுக்க வசந்தா குழந்தையைப் பார்க்கவில்லை.

திருப்பி அனுப்புவதற்கு முன் மாடிப்படிக்கு மேலே மரக் கேட் போட்டுக் கொடுத்தார்கள். நல்ல கேட், உறுதியான தாழ்ப்பாள். இதை முதல் நாளே போட்டிருந்தால் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வீட்டில் குழந்தை இல்லாதபோதுதான் ஆட்கள் பாதுகாப்பாக வேலை செய்ய முடியும் என்று பதில் வந்தது.

குழந்தையை ஒப்படைக்கிற அன்று உருதுப் பெரியவருக்கு வேறு வேலை இருந்ததால் லிண்டா என்னைக் கூப்பிட்டாள். நர்ஸாக இல்லை, மொழிபெயர்க்க மட்டும். "சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல்" என்று காரில் இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். என் வாய்க்கு அலுவலகத்தில் அவ்வளவு நல்ல பெயர்.

வசந்தா வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். மிஷினுக்குத் துணி போட்டு மூடியிருந்தாள். மழைக்கோட்டு மூட்டை எதுவும் கண்ணில் படவில்லை. அன்றைய வேலையை வாங்கவில்லை போலும். லிண்டா ஒரு புதுப் பொட்டலத்தை நீட்டினாள், அலுவலகத்தின் அன்பளிப்பு. வசந்தா பிரித்தாள். தோல் வார், ஆட்டுக்குட்டிப் படத்தோடு.

"இது இன்னாத்துக்குங்கக்கா?"

"கொழந்தையக் கட்டுறதுக்கு."

"கட்டினதுக்குத்தானே தூக்கினு போனாங்க?"

"அவள் என்ன சொல்கிறாள்?" என்று லிண்டா கேட்டாள். நன்றி சொல்கிறாள் என்றேன்.

கீழே ஜோனின் கார் வந்து நின்றது. ஜோன் மீனாவைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் பிரிவுதான், அவளை நான் எதுவும் சொல்ல மாட்டேன். மீனாவுக்கு மஞ்சள் கவுன், முடி கத்தரித்து நெற்றியில் விட்டிருந்தது, காலில் சிவப்பு ஷூ. கேட்டைத் திறந்து உள்ளே வந்து, ஜோன் அவளைத் தரையில் இறக்கி நிறுத்தினாள்.

வசந்தா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தவழ்ந்து வரும் என்று நினைத்துத்தான் அவ்வளவு தாழ உட்கார்ந்திருந்தாள். மீனா அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள். ஒன்றையும் பிடிக்காமல், விழாமல், ஜோனின் பாவாடையைப் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வசந்தாவின் கைகள் நீட்டியபடியே இருந்தன. முகம் மட்டும் ஒரு நொடி மலர்ந்துவிட்டது. எந்த அம்மாவுக்கும் மலரும்.

"நடக்குதுங்கக்கா" என்றாள். "நடக்குது பாருங்க." பிறகு மெதுவாக, "எப்ப நடந்துச்சாம்? அந்தம்மாவக் கேளுங்க" என்றாள்.

கேட்டேன். ஜோனுக்குப் பெருமை பொங்கியது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாம். சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தார்களாம். சோபாவில் இருந்து டிவி வரைக்கும் தானாகவே நடந்தாளாம். வீடே கைதட்டியதாம், அவள் புருஷன் போட்டோ எடுத்திருக்கிறானாம், கழுவி வந்ததும் ஒரு பிரதி அனுப்புவாளாம். கையை விரித்துக் காட்டிக் காட்டிச் சொன்னாள். லிண்டாவும் சந்தோஷமாகச் சிரித்தாள். வசந்தா ஜோனின் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தானாம். இதான் மொத தடவைன்னு சொல்றாங்க" என்றேன்.

"அவ்ளோ பேசினாங்களே?"

"சந்தோஷத்துல பேசறாங்க. உன் வூட்ல வந்து நடந்துச்சேன்னு சொல்றாங்க."

வசந்தா தலையாட்டினாள். ஜோனும் லிண்டாவும் குழந்தையை முத்தமிட்டுவிட்டுப் படியிறங்கினார்கள். மீனா மூடிய கேட்டைப் பிடித்துக்கொண்டு "மம், மம்" என்று ஆங்கிலத்தில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். வசந்தா தூக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது களைத்துப்போய்க் குழந்தை தானாகவே அவள் மடியில் சாய்ந்தபோது, சத்தம் வராமல் ஷூவின் நாடாவை அவிழ்த்துக் காலில் இருந்து உருவினாள். உருவியதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். குதிகாலிலும் விரல் பக்கத்திலும் நன்றாகத் தேய்ந்திருந்தது. கட்டை விரலால் அந்தத் தேய்மானத்தைத் தடவினாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னிக்குத்தான் நடந்துச்சு இல்லிங்கக்கா?"

"ஆமா வசந்தா."

"சரிங்கக்கா" என்றாள். ஷூ இரண்டையும் ஜோடியாகக் கதவோரம் வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு டீ போடப் போனாள்.